ஃப்ரோசன் 2: அணையும் பாட்டும் அந்தக் காட்டுச் சனமும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

டிஸ்னியின் அனிமேஷன் படம் 'ஃப்ரோசன் 2' வெளியானது 2019 நவம்பரில். இன்றும் விடுமுறை நாளென்றால் ஏதாவது ஒரு வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும். பிள்ளைகளுக்குப் பாட்டும் பனிமனிதன் ஓலாஃபும் போதும். கூட உட்கார்ந்து பார்க்கிற பெரியவர்களுக்குத்தான் சந்தேகம் வருகிறது. படத்தைப் பற்றி எழுத நினைப்பவர்களும் திரும்பத் திரும்ப அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றை ஓரிடத்தில் தொகுத்ததுதான் இந்தப் பக்கம். முடிவு உட்பட முழுக் கதையும் இங்கே பேசப்படுகிறது. பார்க்காதவர்கள் 103 நிமிடம் ஒதுக்கிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதல் பாகம் பார்க்காம ரெண்டாவது பார்த்தா புரியுமா?

புரியும். மூன்று விஷயங்கள் தெரிந்தால் போதும். அரெண்டெல் நாட்டு அரசி எல்சாவுக்குப் பனியை உண்டாக்கும் சக்தி இருக்கிறது. அவளும் தங்கை அன்னாவும் பதின்வயதில் இருந்தபோதே பெற்றோர் கப்பல் மூழ்கி இறந்துவிட்டார்கள். அக்காளைக் காப்பாற்ற அன்னா தன் உயிரையே கொடுக்கத் துணிந்தாள்.

இருந்தாலும் 2013-இல் வந்த முதல் பாகத்தின் முதல் ஒரு நிமிடத்தையாவது போட்டுக் கேளுங்கள். படத்தின் பெயர் வரும்போது ஒரு கோரஸ் ஒலிக்கும். அது எதற்கு என்று கீழே வருகிறது.

பாதியில் குழம்பிப் போச்சு. கதையைச் சுருக்கமா சொல்லுங்களேன்.

எல்சாவின் தாத்தா ரூனார்ட் அரசர், வடக்கே காட்டில் வாழும் நார்துல்ட்ரா மக்களுக்கு ஓர் அணையைப் 'பரிசாக'க் கட்டிக் கொடுத்தார். அதைக் கொண்டாடக் கூடிய நாளில் சண்டை மூண்டது. ரூனார்ட் இறந்தார். காட்டின் ஆவிகள் சினந்து மூடுபனியால் காட்டை மூடிவிட்டன. உள்ளே நார்துல்ட்ராவினரும் அரெண்டெல் வீரர்கள் சிலரும் 34 ஆண்டுகளாகச் சிக்கியிருக்கிறார்கள். இதில் மூடுபனி வரையிலான பகுதி, அப்பா அக்னார் பிள்ளைகளுக்குத் தூங்கும் நேரத்தில் சொல்லும் கதை.

வளர்ந்த எல்சாவை ஒரு குரல் வடக்கே அழைக்கிறது. அக்காள், தங்கை, அன்னாவின் காதலன் கிரிஸ்டாஃப், அவனுடைய கலைமான் ஸ்வென், ஓலாஃப் எல்லோரும் காட்டுக்குள் போகிறார்கள். ஆட்டோஹாலன் என்ற பனியாறு பழைய நினைவுகளையெல்லாம் உறைய வைத்து வைத்திருக்கிறது. அங்கே எல்சா உண்மையைப் பார்க்கிறாள்: அணை அந்த மக்களை ஒடுக்கக் கட்டியது, ஆயுதமில்லாத அவர்கள் தலைவர்மீது வாளை ஓங்கியது தாத்தாதான், அந்தக் கலவரத்தில் அப்பாவைக் காப்பாற்றிய நார்துல்ட்ராச் சிறுமிதான் அம்மா இடூனா. எல்சா அங்கேயே உறைந்துபோக, அவள் அனுப்பிய காட்சியிலிருந்து உண்மையை அறிந்த அன்னா, மண் பூதங்களை உசுப்பி அவற்றின் கையாலேயே அணையை உடைக்க வைக்கிறாள். எல்சா மீண்டு, ஊரை நோக்கிப் பாயும் வெள்ளத்தைத் தடுக்கிறாள். அன்னா அரசியாகிறாள், எல்சா காட்டிலேயே தங்கிவிடுகிறாள்.

குழந்தைக்கு எத்தனை வயசுல காட்டலாம்?

பள்ளி போகும் பிள்ளைக்குச் சிக்கலில்லை. அதைவிடச் சின்னவர்கள் என்றால் மூன்று இடங்களில் பக்கத்தில் இருங்கள்: கொந்தளிக்கும் கடலில் நீர்க்குதிரை எல்சாவை உள்ளே இழுக்கும் இடம், ஓலாஃப் கரைந்து காற்றில் போகும் இடம், அதற்குப்பின் குகையில் அன்னா தனியாக அழுது பாடும் இடம். மூன்றாவதில் பயமுறுத்தும் உருவம் எதுவும் இல்லை. ஆனால் அந்தத் துக்கம் உண்மையான துக்கம், சில பிள்ளைகள் அங்கேதான் அழுகிறார்கள். அதைத் தாண்டி ஓட்டிவிடாதீர்கள். வழி தெரியாதபோது அடுத்த ஓரடியை மட்டும் எடுத்து வைப்பது என்று அந்தப் பெண் முடிவெடுக்காவிட்டால் அணை உடைவதற்கே கதையில் இடமில்லை.

தமிழ் டப்பிங்ல பார்க்கலாமா?

தாராளமாக. தமிழில் எல்சாவுக்கு ஸ்ருதி ஹாசன், அன்னாவுக்கு திவ்யதர்ஷினி, ஓலாஃபுக்கு சத்யன் குரல் கொடுத்தார்கள். வசனமும் பாட்டும் எழுதியவர் விவேகா. ஒரு எச்சரிக்கை: பாட்டு வரிகளைப் பிடித்துக்கொண்டு கருப்பொருளை விளக்கப் போகிறீர்கள் என்றால் ஆங்கில வடிவத்தையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். மெட்டின் அசைக்கும் உதட்டசைவுக்கும் பொருந்த எழுதும்போது சொல் மாறத்தான் செய்யும். தமிழ் வரியை வைத்து மூலப் படைப்பாளியை மடக்குவது நியாயமில்லை.

நார்துல்ட்ரான்னு நிஜமாவே ஒரு இனம் இருக்கா?

இல்லை, அது கற்பனைப் பெயர். அச்சு மட்டும் நிஜத்தில் இருந்து வந்தது: நார்வே, ஸ்வீடன், பின்லாந்து ஆகிய நாடுகளின் வடபகுதியிலும் ரஷ்யாவின் கோலா தீபகற்பத்திலும் வாழும் ஸாமி மக்கள். கலைமான் மேய்ப்பு, தோலும் கம்பளியும் சேர்ந்த உடை, கூடாரக் குடில்கள், வாய்ப்பாட்டு எல்லாம் அங்கிருந்து எடுத்தவை.

எடுக்காமல் விட்டதையும் கவனியுங்கள். ஸாமிகளின் பாரம்பரிய உடை 'காக்தி'. அதன் நிறத்தையும் பட்டைகளையும் வைத்தே உடுத்தியவர் எந்தப் பகுதிக்காரர் என்று சொல்லிவிடுவார்கள். படத்தில் அந்த உடை அப்படியே வராது. ஒரு குறிப்பிட்ட ஊராரின் அடையாளத்தைக் கற்பனைப் பாத்திரத்துக்கு மாட்டிவிடாமல் தவிர்த்தது நல்ல முடிவு. விமர்சனத்தில் "ஸாமி உடையில் நார்துல்ட்ராப் பெண்கள்" என்று எழுதினால் தவறாகிவிடும்.

லாப்லாந்துக்காரங்க, லாப் இனம்னு எழுதலாமா?

வேண்டாம். 'லாப்' என்பது வெளியார் வைத்த பெயர். அந்த மக்கள் இன்று அதை இழிசொல்லாகவே கருதுகிறார்கள். பழைய புத்தகங்களில் கண்ணில் படும். இந்தப் படவரிசைக்கு முதல் பொறியான ஆண்டர்சனின் பனி அரசி கதையிலேயே (1844) ஒரு 'லாப்' கிழவி வருகிறாள். காய்ந்த மீனில் சேதி எழுதிக் கொடுத்து அனுப்புவாள். ஆக, பனி அரசி கதைக்குள் அந்த மக்கள் முதலிலிருந்தே இருக்கிறார்கள், ஓரத்தில் ஒரு கிழவியாக.

எழுத்துக்கூட்டல் பற்றியும் ஒரு வார்த்தை. 'சாமி' என்று எழுதினால் "சாமி மக்கள் பாடினார்கள்" என்ற வரியைப் படிப்பவர் பஜனையை நினைத்துக்கொள்வார். 'ஸாமி' என்றே எழுதுங்கள்.

முதல் படத்தோட டைட்டில்ல வர்ற அந்த கோரஸ் என்ன மொழி?

அதன் பெயர் 'வுவெலி'. தெற்கு ஸாமி மொழியில் அந்தச் சொல்லுக்கு ஸாமிகளின் வாய்ப்பாட்டு என்று பொருள். 'யோய்க்' என்று பரவலாக அறியப்படுவது இதுதான். இசையமைத்தவர் ஃப்ரோட ஃபெல்ஹைம், நார்வேயைச் சேர்ந்த தெற்கு ஸாமி இசைக்கலைஞர். அவருடைய பழைய கோரஸ் பாட்டொன்றை ஒட்டி உருவானது. அந்த மூலப் பாட்டில் ஒரு கிறித்தவப் பாடலின் மெட்டும் கலந்திருந்தது. கலந்ததை இன்று கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் யோய்க்கைப் பேய் வழிபாடு என்று பழித்ததும் ஸாமி மேளங்களைப் பிடுங்கி எரித்ததும் அதே கிறித்தவ மதப் பரப்பாளர்கள்தான் என்பது தெரிந்தால் வேறு மாதிரிக் கேட்கும்.

யோய்க் ஒருவரைப் 'பற்றி'ப் பாடுவதில்லை, அந்த ஆளையே பாடுவது என்பார்கள் ஸாமிகள். மலையையும் ஓநாயையும்கூட அப்படிப் பாடலாம். சொற்களே இல்லாமலும் இருக்கும்.

முதல் பாகத்தில் இந்தப் பாட்டு வெறும் அலங்காரம்: வடநாட்டுக் குளிரைக் காட்ட ஒரு கோரஸ், பாடுபவர்கள் யாரென்று தெரியாது. இரண்டாம் பாகத்தில் காட்டுக்குள் ஒரு காட்சி. எல்சாவிடம் இருக்கும் அம்மாவின் சால்வையை நார்துல்ட்ராவினர் பார்க்கிறார்கள், அது தங்கள் கைவேலை என்று கண்டுகொள்கிறார்கள், கைகோத்துச் சுற்றி நின்று அதே பாட்டைப் பாடுகிறார்கள். ஆறு ஆண்டு கழித்துப் பாட்டுக்கு உரியவர்கள் திரைக்கு வந்து நிற்கிறார்கள். வாய்திறந்து எதையும் விளக்காமல் இந்தத் தொடர்ச்சி செய்கிற ஆகச் சிறந்த காரியம் இது. பெரும்பாலான விமர்சனங்கள் இதைத் தவறவிடுகின்றன.

எல்சாவைக் கூப்பிடுற குரலும் யோய்க் தானா?

இல்லை, இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். அந்த அழைப்பு 'குல்னிங்' மரபை ஒட்டியது: ஸ்வீடனிலும் நார்வேயிலும் மலை மேய்ச்சலில் பெண்கள் உச்சக் குரலில் மாடுகளைக் கூப்பிடும் முறை. பாடியவர் நார்வேப் பாடகி அரோரா. அதன் நான்கு சுரங்களோ இறந்தவர்களுக்காகப் பாடும் ஓர் இடைக்கால லத்தீன் தேவாலயப் பாட்டிலிருந்து வந்தவை.

கதைப்படி அது நார்துல்ட்ராச் சிறுமி இடூனாவின் குரல். அப்படியானால் அவளுக்கு யோய்க் கொடுக்காமல் மாடு கூப்பிடும் குரலை ஏன் கொடுத்தார்கள்? நியாயமான கேள்வி. படத்தின் வடநாடு ஒரே பானையில் வெந்த கூட்டாஞ்சோறு. யாருடையது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டியது விமர்சகர் வேலை.

காத்து, நெருப்பு, தண்ணி, மண், அஞ்சாவதா ஒண்ணு... இது நம்ம ஐம்பூதம்தானே?

பார்க்க அப்படித் தோன்றும். ஆனால் இது கிரேக்கர்கள் வழியாக ஐரோப்பாவுக்கு வந்த நான்கு பூதங்கள். நெருப்புக்கு ஒரு குட்டிப் பல்லி உருவம் கொடுத்ததும் ஐரோப்பிய ரசவாத நம்பிக்கைதான். நீர்க்குதிரை 'நோக்' நார்வே நாட்டார் கதைகளில் ஆளை மயக்கி நீருக்குள் இழுக்கும் பிராணி. இவற்றில் எதுவும் ஸாமி மரபு அல்ல. நமக்கு ஐந்தாவது ஆகாயம். படத்திலோ ஐந்தாவது ஓர் ஆள், மனிதருக்கும் இயற்கைக்கும் நடுவே பாலம். சால்வையில் உள்ள சாய்சதுரக் குறிகளை வைத்து நார்துல்ட்ராப் பெண் ஹனிமாரன் இதை எல்சாவுக்கு விளக்கும் காட்சியை இன்னொரு முறை பாருங்கள்.

டிஸ்னி அந்த மக்கள்கிட்ட அனுமதி வாங்குச்சா, இல்ல சுட்டுட்டாங்களா?

முதல் பாகத்துக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. பாட்டையும், கிரிஸ்டாஃபின் உடையையும் கலைமானையும் எடுத்துக்கொண்டு அந்த மக்களைக் காட்டாமல் விட்டார்கள் என்று அப்போதே குரல் எழுந்தது. இரண்டாம் பாகத்துக்கு ஸாமிகள் தாங்களே முன்வந்து பேசினார்கள். நார்வே, ஸ்வீடன், பின்லாந்து மூன்றிலும் உள்ள ஸாமி நாடாளுமன்றங்களும் ஸாமி கவுன்சிலும் 2019-இல் டிஸ்னி அனிமேஷன் நிறுவனத்தோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டன.

'வெர்டெட்' என்று ஸாமி நிபுணர் குழு ஒன்று அமைந்து ஆலோசனை சொன்னது. கலைமான் மேய்த்து இடம்பெயரும் குடும்பத்துக்கும் ஊரில் தங்கியிருக்கும் குடும்பத்துக்கும் இடையே தலைமுறை தலைமுறையாக இருக்கும் கொடுக்கல்வாங்கல் உறவைக் குறிக்கும் சொல் அது. வேறெந்தப் பெயர் வைத்திருந்தாலும் இவ்வளவு பொருந்தியிருக்காது. இன்னொரு பலன், வடக்கு ஸாமி மொழியில் படத்துக்கு முழு டப்பிங்: 'யிக்ஙொன் 2'. ஏறத்தாழ 20,000 பேர் பேசும் மொழியில் ஒரு டிஸ்னி படம் வருவது சின்ன விஷயமல்ல.

அந்த அணைக்குப் பின்னாடி நிஜ சம்பவம் ஏதாவது இருக்கா?

இருக்கிறது. நார்வேயின் வடகோடியில் ஆல்டா–கௌட்டோகெய்னோ ஆற்றில் நீர்மின் அணை கட்டும் திட்டம். முதலில் போட்ட வரைவின்படி மாஸே என்ற ஸாமி ஊரே மூழ்கியிருக்கும். எதிர்ப்பு கிளம்பியதும் 1973-இல் ஊரை விட்டுவிட்டுத் திட்டத்தைச் சுருக்கினார்கள். ஆனாலும் கலைமான் போகும் வழியும் சால்மன் ஆறும் பாதிக்கப்படும் நிலை. 1978-இல் நார்வே நாடாளுமன்றம் அனுமதி கொடுத்தது. 1979-இல் ஸாமி இளைஞர்கள் ஆஸ்லோவில் நாடாளுமன்றத்துக்கு எதிரே கூடாரம் அடித்து உண்ணாவிரதம் இருந்தார்கள். 1981 ஜனவரியில், ஆர்க்டிக் இருட்டில், சங்கிலியால் தங்களைப் பிணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களை அகற்ற சுமார் 600 போலீசார் இறக்கப்பட்டார்கள்.

போராட்டம் தோற்றது. 1982-இல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. 1987-இல் அணை இயங்கத் தொடங்கியது. ஆனால் அதுவரை 'அப்படி ஒரு இனமா?' என்று கேட்ட நாடு கேட்பதை நிறுத்திவிட்டது. 1987-இல் ஸாமி சட்டம், 1989-இல் ஸாமி நாடாளுமன்றம், 1997-இல் அரசர் ஹரால்டின் மன்னிப்பு என்று ஒவ்வொன்றாக வந்தது. பள்ளியில் தாய்மொழி பேசவிடாமல் தலைமுறைகளையே நார்வேக்காரராக மாற்ற முயன்ற கொள்கைக்கும் சேர்த்துத்தான் அந்த மன்னிப்பு.

அப்போ 'படத்துல வர்றது ஆல்டா அணைதான்'னு அடிச்சு எழுதலாமா?

எழுதாதீர்கள். படம் ஆல்டாவின் பெயரைச் சொல்வதில்லை. "ஆல்டாவை நினைவூட்டுகிறது" என்பது வாசிப்பு, அதற்கு இடமுண்டு. "ஆல்டாவைக் காட்டுகிறார்கள்" என்பது தகவல், அதற்குச் சான்று வேண்டும். அதோடு ஒரு முக்கிய வித்தியாசம்: ஆல்டா மின்சாரத்துக்காகக் கட்டியது, 'வளர்ச்சி' என்று சொல்லித்தான் கட்டினார்கள். படத்து அணை நட்பின் பரிசு என்ற பெயரில் வந்த பொறி. கெட்ட தாத்தா ஒருவர்மேல் பழியைப் போடுவது எளிது. கெட்டவர் யாரும் இல்லாமலேயே, கோப்பில் கையெழுத்து ஓடிக் கட்டப்படும் அணையைக் கதையாக்குவதுதான் கடினம். அந்தக் கடினத்தைப் படம் தொடவில்லை.

அம்மா நார்துல்ட்ரான்னு தெரிஞ்சதும் எல்லாம் சரியாயிடுதே, அது எப்படி?

பலரை உறுத்துகிற இடம் இது. தாத்தாவின் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டிய பேத்திகள், பாதிக்கப்பட்டவர்களின் பேத்திகளும் ஆகிவிடுகிறார்கள். குற்றவுணர்வு பாதியாகக் குறைந்துவிடுகிறது. ஐந்தாவது ஆவியாகத் தேர்ந்தெடுக்கப்படுவது 34 ஆண்டு அந்தக் காட்டில் கிடந்த யாரும் அல்ல, அரண்மனையில் வளர்ந்த எல்சா. அணையை உடைக்க முடிவெடுப்பதும் அன்னாதான். நார்துல்ட்ராவினரான யெலானா, ஹனிமாரன், ரைடர் மூவரும் நல்ல பாத்திரங்கள். திருப்பத்தை உண்டாக்குகிற முடிவு எதையும் அவர்கள் எடுப்பதில்லை.

மறுபக்கமும் உண்டு. குழந்தைப் படத்தில் 'நம் தாத்தா பொய் சொன்னார், அதை நாம்தான் சரிசெய்ய வேண்டும்' என்று ஓர் இளவரசி சொல்வது அபூர்வம். காட்டில் சிக்கிய அரெண்டெல் வீரர்களின் தளபதி மத்தியாஸ் அத்தனை ஆண்டு விசுவாசமாகக் காத்த அணையைத் தானே கைவிட வேண்டிவரும் நிமிடமும் நன்றாக எழுதப்பட்டிருக்கிறது.

கடைசியில ஊர் மூழ்காம தப்பிச்சது சந்தோஷம்தானே? அதுல என்ன குறை?

படத்தின் பெரிய குறையே அதுதான். அணை உடைந்தால் அரெண்டெல் போய்விடும் என்று தெரிந்தேதான் அன்னா உடைக்க வைக்கிறாள். அந்த முடிவின் கனமே அந்த விலையில் இருக்கிறது. மக்கள் ஏற்கெனவே மேட்டுக்கு ஏறிவிட்டார்கள், உயிருக்கு ஆபத்தில்லை. போவது வீடும் அரண்மனையும்தான். அதையும் போகவிடாமல் எல்சா நீர்க்குதிரைமேல் வந்து பனிச்சுவர் எழுப்பித் தடுத்துவிடுகிறாள். ஓர் ஓடுகூட உடையவில்லை. பரிகாரம் ஆயிற்று, செலவே இல்லாமல்.

இப்போது இதை ஆல்டாவோடு வைத்துப் பாருங்கள். படத்தில் அணை போய்விடுகிறது, ஊர் நிற்கிறது. அங்கே மன்னிப்பு வந்துவிட்டது, அணை நிற்கிறது. படம் வந்த பிறகும் இதே கதை தொடர்ந்தது. நார்வேயின் ஃபோசென் பகுதியில் கட்டிய காற்றாலைகள் ஸாமிகளின் கலைமான் மேய்ப்பு உரிமையை மீறுகின்றன என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 151 காற்றாலைகளும் அதற்குப் பிறகும் சுழன்றன. 2023-இலும் 2024-இலும் மேய்ப்பர்களோடு உடன்பாடுதான் எட்டினார்கள்.

விமர்சனம் எழுதப் போறேன். எத்தனை தடவை பார்க்கணும், எப்படிக் குறிப்பெடுக்கணும்?

இரண்டு தடவை. முதல் தடவை பேனா வேண்டாம், முடிந்தால் குழந்தைகளோடு பாருங்கள். எங்கே சிரிக்கிறார்கள், எங்கே நெளிகிறார்கள் என்று தெரியும். நடுவில் கிரிஸ்டாஃப் கலைமான்களோடு பாடும் எண்பதுகள் பாணிக் காதல் பாட்டுக்குப் பெரியவர்கள் சிரிப்பார்கள், பிள்ளைகள் தண்ணீர் குடிக்கப் போவார்கள்.

இரண்டாம் தடவை, அப்பா சொல்லும் தூக்கக் கதையையும் ஆட்டோஹாலனில் எல்சா காணும் காட்சியையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். ஒரே நிகழ்ச்சி இரண்டு முறை சொல்லப்படுகிறது. முதல் முறை யார் சொல்கிறார், அவருக்கு எது தெரியாது, இரண்டாம் முறை என்ன மாறுகிறது? உங்கள் கட்டுரையின் முதுகெலும்பு அங்கேயே கிடைத்துவிடும். பிறகு தாளில் மூன்று நெடுவரிசை போடுங்கள்: யார் பேசுகிறார், யார் முடிவெடுக்கிறார், யார் இழக்கிறார். முக்கியமான ஐந்தாறு காட்சிகளுக்கு நிரப்பினால் மேலே சொன்ன குறைகளும் நிறைகளும் தாமாகவே தெரியும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு விதத்தில். இயக்குநர்கள் கிறிஸ் பக், ஜெனிஃபர் லீ இருவரின் பேட்டிகளை முதலில் படித்துவிட்டால் அவர்கள் சொன்னதையே கண்டுபிடித்துத் திருப்தியாகிவிடுவீர்கள். அவற்றைக் கடைசியில் படியுங்கள். மற்றது, 'பழங்குடிப் பண்பாடு' என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் மூடிவிடுவது. எது ஸாமி, எது நார்வே நாட்டார் கதை, எது வெறும் டிஸ்னி என்று பிரித்து எழுதுங்கள்.

கடைசிக் காட்சியில் ஊர்நடுவுல திறக்கிற சிலை யாரோடது?

சிறுவன் அக்னார், சிறுமி இடூனா. அரெண்டெல் அரசகுமாரனும் நார்துல்ட்ராப் பெண்ணும், இரண்டு நாடும் சேர்ந்ததன் அடையாளமாக. ரூனார்ட் வாளோங்கிய அந்த நார்துல்ட்ராத் தலைவருக்குச் சிலை இல்லை. படத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை.